எதற்கும் இருக்கட்டும் என்று பின்னிய தொப்பிகள்

தொப்பி வியாபாரத்தில் ஒரு நிம்மதி, கடைக்கு வருகிற எல்லோருக்கும் தலை இருக்கிறது. ஒரு தொல்லை, அந்தத் தலையின் அளவு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். செருப்போ, மூக்குக்கண்ணாடியோ, வளையலோ, நீங்கள் எதை விற்றிருந்தாலும் சரி. "இதைவிடச் சின்னது இல்லையா?" என்று கேட்டவரே ஐந்து நிமிடம் கழித்து "இதைவிடப் பெரிசு இல்லையா?" என்று கேட்டிருப்பார். நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு, அதைச் சிரிப்புப்போல் காட்டி, எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அந்த வகையில் நீங்கள் எல்லோரும் எனக்குப் பங்காளிகள்.

நான் திருப்பூர்க்காரன், பெயர் முருகேசன். பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை செய்தவன். துவைத்தால் சுருங்குகிறதா என்று பார்ப்பேன். சுருங்கினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவேன். என் மனைவி பூங்கொடி நர்ஸ். அவளுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது, கூடவே நானும் வந்தேன். வந்த பிறகு வெகுநாள் சமையலும் துவையலுமாக வீட்டிலேயே கிடந்தேன். ஊரிலிருந்து மாமனார் போன் செய்து "மாப்பிள்ளைக்கு வேலை?" என்று கேட்கும்போதெல்லாம் "தேடிட்டே இருக்கறனுங்க மாமா" என்பேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருந்தது. கடைசியில் ஏவன்டேல் என்ற பகுதியில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு தொப்பிப் பட்டறையில் எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் பின்னல் மெஷின். ஸ்காட்லாந்துக்காரர்கள் காலம் காலமாகப் போட்டுவரும் கம்பளித் தொப்பிகள் மட்டும்தான் அங்கே செய்வது. முதலாளியம்மா பெயர் இஷ்பெல். இந்த நாட்டின் தென் தீவில் பிறந்த ஸ்காட்லாந்து வம்சம். "ட்ரயல் முடியட்டும், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன்" என்றார். இனிமேல் சொல்வதெல்லாம் அந்த 'அப்புறம்' என் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தவை.

முதல் நாள், முதல் ரிஜெக்ட்

மெஷினிலிருந்து இறங்கிய தொப்பியைக் கையில் எடுத்தேன். தொப்பியா அது? அரிசிப் பை. தலையில் போட்டுப் பார்த்தால் தாடைவரை இறங்கியது. பழக்கதோஷம், ஓரமாக எடுத்துவைத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுத்ததும் அதே லட்சணம். மதியத்துக்குள் அன்றைய உற்பத்தி மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்துவிட்டு, கடமையைச் செய்த திருப்தியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இஷ்பெல் வந்தார். ஒவ்வொன்றாக ஸ்டிக்கர்களை உரித்தார். எல்லாவற்றையும் அள்ளி வாஷிங் மெஷினில் போட்டு, சுடச்சுட வெந்நீரும் சோப்பும் விட்டார்.  கம்பளியை வெந்நீரில் போடுகிறவரைத் திருப்பூரில் பார்த்திருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். வெளியே எடுத்தபோது பின்னலின் கண்ணிகளே தெரியவில்லை. நன்றாகச் சுருங்கி, தடித்து, மெத்தென்று ஒரே துணியாக இறுகியிருந்தது. அதை ஒரு வட்டமான மரத்தட்டின்மேல் இழுத்து மாட்டி உலர வைத்தார். காய்ந்ததும் தட்டையான, அழகான வட்டத் தொப்பி. பெரிதாகப் பின்னி, வேண்டுமென்றே சுருக்குவதுதான் இந்தத் தொழிலே. இத்தனை வருஷம் எதைப் பாவம் என்று நினைத்தேனோ அதற்கு இங்கே சம்பளம். "முதலிலேயே தலை அளவுக்குப் பின்னினால் என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"அப்படிப் பின்னிய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை ஸ்காட்லாந்து மழையில் நடந்து பார், முருகேஷ். தொப்பி சுருங்காது, நீ சுருங்கிவிடுவாய்."

வியாழக்கிழமை ஹேமிஷ்

வியாழக்கிழமை தோறும் ஹேமிஷ் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வருவார். எதுவும் வாங்க மாட்டார். கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று ஒவ்வொரு தொப்பியின் ஜாதகத்தையும் சொல்வார். ஆதியில் இருந்தது நீலத் தொப்பி ஒன்றுதானாம். உழுகிறவன், ஆடு மேய்க்கிறவன் எல்லோருக்கும் அதே. வோட் என்று ஒரு செடி, அதன் இலையை ஊறவைத்து நீலம் எடுத்தார்களாம். பிற்பாடுதான் அவுரி நீலம் கப்பலில் வந்தது. சில ஊர்களில் தொப்பிக்காரர்களுக்கென்றே சங்கம் இருந்ததாம். அரசனை எதிர்த்துக் கிளம்பியவர்கள் அந்த நீலத் தொப்பியில் வெள்ளை நாடாவைப் பூப்போல் முடிந்து குத்திக்கொண்டார்களாம். பிறகு பட்டாளம் அதே தொப்பியை எடுத்து, ஓரத்தில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டை தைத்து, உச்சியில் சிவப்புக் குஞ்சம் வைத்தது. வட்டமாக இருப்பது பல்மோரல். படகுபோல் நீளமாக மடிவது கிளென்கேரி. சுற்றுலாக் கடைகளில் செம்பட்டை மயிர் ஒட்டவைத்து விற்கிறார்களே, அதன் பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வராது.

எனக்குக் கேட்கப் பிடிக்கும். "அவுரி எங்க ஊர்ப் பக்கம் விளையறது சார்" என்று சொன்னபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் குஞ்சமும் நாடாவும் தைக்கிற கௌரி அக்காவுக்கு அவரைக் கண்டாலே தலைவலி. அக்கா யாழ்ப்பாணம், வீடு த்ரீ கிங்ஸ் என்ற பேட்டையில். கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அன்று ஹேமிஷ் போன பிறகு ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இந்த மனுசன் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு பட்டாளத்துக்கே குஞ்சம் தைச்சிடுவன்."

மூன்று இறகு

ஊரின் இன்னொரு மூலையான பக்குரங்காவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நம்மவர்கள். கணவர் சாஃப்ட்வேர், ஆபீசில் ஏதோ கலாசார தினமாம். ஒரு பல்மோரலை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடியில் இடமும் வலமும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக் குலத்தலைவரின் படத்தைக் காட்டி, "அவருக்கு இருக்கற மாதிரி இறகு வேணுங்க. மூணு" என்றார். அங்கேதான் சிக்கல். இந்தத் தொப்பியில் இறகு என்பது அலங்காரம் அல்ல, அந்தஸ்து. மூன்று கழுகிறகு குலத்தலைவருக்கு மட்டும். கிளைத்தலைவருக்கு இரண்டு. முறைப்படி பதிவு செய்து சொந்தக் கேடயச் சின்னம் வாங்கியவருக்கு ஒன்று. மற்றவர்கள் தொப்பியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறகில்லாமல் விற்றால் இஷ்பெலுக்கு நஷ்டம் இல்லை. இறகோடு விற்றால் ஹேமிஷ் போன்றவர்கள் கடை வாசலில் மறியல் செய்வார்கள்.

பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் விடுவதாக இல்லை. "நான் டீம் லீட் சார். ஒரு டீமே எனக்குக் கீழ இருக்கு" என்றார். அது கணக்கில் வராது என்றேன். "சரி, எங்கப்பாவுக்கு நான் ஒரே பையன். குடும்பத்துக்கு நாந்தான் தலைவர். அது வருமில்ல?" என்று இறங்கி வந்தார்.  அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி நானு. அந்த மூணு இறகையும் எனக்கு வைங்க."

வளர்கிற தலை

மலேசியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, பதினான்கு வயது மகளோடு வந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் பையை ஊதி வாசிக்கும் பேக்பைப் பேண்டில் சேர்ந்திருக்கிறாள், கிளென்கேரி வேண்டும். அது வலது பக்கம் சாய்ந்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். பின்னால் இரண்டு நாடா கழுத்தில் தொங்கும். அளந்து, சரியானதை எடுத்து மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. அம்மாவுக்கு முகம் கோணியது. "இன்னும் ரெண்டு சைஸ் பெருசா குடுங்கலா. வளர்ற பிள்ள, அடுத்த வருசம் பத்தாது" என்றார். தலை அவ்வளவாக வளராது என்று சொல்ல வாயெடுத்தேன். என் அம்மா எனக்கு எடுத்த பள்ளிக்கூட டவுசரெல்லாம் ஞாபகம் வந்ததால் மூடிக்கொண்டேன். பெரியதை மாட்டியதும் அது பெண்ணின் மூக்கில் வந்து நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

"மம், இட்ஸ் மை ஹெட், நாட் மை ஃபீட்!"

பின்பக்கத்து முடிச்சு

டேவிட் என்று ஒரு பெரியவர் தன் பழைய பல்மோரலைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். ஓரத்தில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருந்தது. கௌரி அக்கா பார்த்துவிட்டு, பட்டையைப் பிரித்தால்தான் ஓட்டையை அடைக்கலாம், பட்டையைப் பிரிக்கப் பின்னாலிருக்கும் நாடா முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்றார். பெரியவர் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்படியானால் வேண்டாம். அந்த முடிச்சு என் மனைவி போட்டது. சென்ற குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள்" என்றார். அந்த நாடா ஒரு காலத்தில் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொள்ள இருந்தது. இப்போது வெறும் அழகுதான். ஆனால் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் சொல்வார்கள்: கல்யாணம் ஆகாதவன் நாடாவைத் தொங்கவிடுவான், ஆனவன் முடிந்துகொள்வான்.

அக்கா கையை நீட்டினார். தொப்பியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். அன்று மதியம் முழுவதும் வளைந்த ஊசியை வைத்துக்கொண்டு, பட்டையைப் பிரிக்காமல், உள்பக்கத்திலிருந்தே அந்த ஓட்டையை இழை இழையாக அடைத்தார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்தேன். டேவிட் திரும்ப வந்தபோது அடைத்த இடத்தைத் தேடவேயில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும் அல்லவா?"

இரண்டு பேர் ஒதுங்கலாம்

என் ட்ரயல் முடியப்போகிற சமயம், ஒரு பேக்பைப் பேண்டுக்கு இருபது சொச்சம் பல்மோரல் செய்யும் ஆர்டர் வந்தது. சனிக்கிழமை அவர்களுக்குப் போட்டி. அந்த வாரம் பார்த்து இஷ்பெலின் தங்கைக்குத் தென் தீவு டனீடனில் முட்டி ஆபரேஷன். சூட்கேசைக் கையில் பிடித்தபடி, "இதை நீ முடி. சனிக்கிழமை நேராக மைதானத்துக்கு வருகிறேன். அங்கே பேசிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைப் பேசிக்கொள்வோம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பேண்டின் செயலாளர் எல்லோருடைய தலை அளவையும் அனுப்பியிருந்தார். எந்தத் தலைக்கு எத்தனை கண்ணி போட வேண்டும் என்று பட்டறைச் சுவரில் ஒரு அட்டவணை உண்டு. சுருங்கப்போவதையும் சேர்த்துத்தான் இஷ்பெல் அதைப் போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. நம் வீடுகளில் நான்கு பேருக்குச் சோறு வைக்கும்போது ஐந்தாவது ஆளுக்கும் ஒரு பிடி போடுவோமே, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் போடுவோமே, அந்தக் கை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தொப்பியிலும் கொஞ்சம் கூட்டிப் பின்னினேன். புதன்கிழமை வெந்நீரிலிருந்து எடுத்தபோது அவை சுருங்கித்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சோளம் புடைக்கிற முறம் அகலம். இவ்வளவு பெரிதாக வர நியாயமே இல்லையே என்று செயலாளருக்குப் போன் போட்டேன். "பெண்களுக்குக் கூந்தல் இருக்கிறதே, அதனால் நானும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன், ஒரு பாதுகாப்புக்கு" என்றார் அவர்.  மாமனாரிடம் மறுபடியும் "தேடிட்டே இருக்கறனுங்க" என்று சொல்லும் என் குரல் எனக்கே கேட்டது. கௌரி அக்கா ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம் போல கிடக்கு, தம்பி."

வேலைக்குப் போன தட்டுகள்

சின்னதாகிப்போன தொப்பியை ஆண்டவனாலும் பெரிதாக்க முடியாது. பெரிதாகிப்போனதைச் சின்னதாக்க வெந்நீர் போதும். எல்லாவற்றையும் திரும்ப மெஷினில் போட்டோம். எடுத்து அளந்தோம்; மறுபடி போட்டோம். மூன்றாம் தடவை அளவுக்கு வந்துவிட்டன. துணி மட்டும் சாதாரணத் தொப்பியைவிட இரண்டு மடங்கு கனமாக, பலகைபோல் இறுகியிருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. ஈரத் தொப்பியை வட்டத் தட்டில் மாட்டி உலர்த்தாவிட்டால் கோணிக்கொண்டு போய்விடும். வழக்கமாக நாலைந்து தொப்பிகளாகச் செய்வதால் பட்டறையில் ஒரு கை விரலால் எண்ணிவிடக்கூடிய மரத்தட்டுகள்தான். இப்போது மொத்தமும் ஒரே நேரத்தில் ஈரம். வெளியே ஆக்லாந்து மழை. காலண்டரில் வசந்தம் என்று போட்டிருந்தது. வானத்துக்கு யாரும் சொல்லவில்லை.

பூங்கொடிக்குப் போன் செய்தேன். உலர்த்தத் தட்டு இல்லை, வேலை போய்விடும்போல் இருக்கிறது என்றேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நர்ஸ் அல்லவா, "அந்தத் தட்டு எத்தனை அகலமுங்க?" என்று மட்டும் கேட்டாள். பத்து அங்குலம் என்றேன். ட்யூட்டி முடிந்து வரும்போது காரில் எங்கள் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டுகள் மொத்தத்தையும் கொண்டுவந்துவிட்டாள். மாமனார், மாமியார் பெயர் வெட்டிய தட்டுகள். ஊரிலிருந்து கிளம்பும்போது, ஏர்லைன்காரன் எடைக்குப் பணம் கேட்பான், இதையெல்லாம் யார் தூக்குவது என்று நான் சண்டை போட்ட தட்டுகள். கௌரி அக்கா த்ரீ கிங்ஸுக்குப் போய்த் தன் வீட்டுத் தட்டுகளோடு பக்கத்து வீட்டுத் தட்டுகளையும் வாங்கிவந்தார். ஈரத் தொப்பியின் வாயை இழுத்துப் பிடித்து, தட்டைப் பக்கவாட்டில் நுழைத்து, உள்ளே தட்டையாகத் திருப்பினால் அளவெடுத்ததுபோல் நின்றது. இந்த ஊரில் தமிழர் வீடு, வெள்ளைக்காரர் வீடு என்ற பேதம் இல்லாமல் எல்லா வீட்டிலும் சுவரில் பூஞ்சை பிடிக்கும், எல்லா வீட்டிலும் ஈரம் உறிஞ்சும் மெஷின் இருக்கும். அதில் மூன்றைக் கடன் வாங்கி ஓடவிட்டோம். வீட்டுக்கு வந்து பசியோடு உட்கார்ந்தேன். பூங்கொடி குழம்பு ஊற்றிய சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"தட்டெல்லாம் வேலைக்குப் போயிருக்குதுங்க. நீங்க கிண்ணத்துலயே சாப்புடுங்க."

மைதானத்தில் விழுந்தது

வெள்ளிக்கிழமை தொப்பிகள் காய்ந்தன. ஒவ்வொரு தட்டாக உருவ உருவ, கௌரி அக்கா பட்டையும் குஞ்சமும் நாடாவும் தைத்தார். ஒன்றே ஒன்று ஓரத்தில் ஈரம் காயாமல் இருந்ததால் கடைசிவரை தட்டோடு வைத்தே தைத்திருந்தோம். செயலாளர் வேனோடு வந்து அவசரப்படுத்த, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தோம். வீட்டில் பூங்கொடி தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, "ஒண்ணு கொறையுதுங்களே" என்றாள். அக்கா வீட்டுத் தட்டுகளோடு கலந்து போயிருக்கும் என்றேன்.

சனிக்கிழமை நானும் பூங்கொடியும் மைதானத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். இஷ்பெல் ஏர்போர்ட்டிலிருந்து சூட்கேசும் கையுமாக வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, கண் முழுக்கத் தொப்பிகள்மேல். எங்கள் பேண்டு வந்தது. நல்ல மழை. மற்ற பேண்டுகளின் தொப்பிகள் ஊறிக் காதுவரை தொங்கிப்போயிருந்தன. எங்களுடையதில் தண்ணீர் உருண்டு ஓடியது. ஆனால் பெரிய டிரம் அடிக்கிற கிரெய்க் என்பவரின் தொப்பி மட்டும் மேஜைபோல் விறைப்பாக நின்றது. வீட்டில் குறைந்த தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பூங்கொடி என் கையைக் கிள்ளினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

வாசித்து முடித்து வெளியே வந்த கிரெய்க், முகத்தைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றி, வாயை விரித்து உதறினார். உள்ளேயிருந்து தட்டு டங்கென்று தார்த்தரையில் விழுந்து, உருண்டு உருண்டு வந்து, இஷ்பெலின் ஷூவில் முட்டிச் சாய்ந்தது. கிரெய்க் பழைய பட்டாளத்து ஆள். அங்கே தொப்பி விறைப்பாக நிற்க உள்ளே கம்பி வளையம் வைப்பார்களாம், இதுவும் அப்படி ஏதோ நல்ல ஏற்பாடு என்று நினைத்து வாசிப்பு முழுவதும் தலையில் சுமந்திருக்கிறார். இஷ்பெல் தட்டை எடுத்து, வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கூட்டிப் பின்னியதிலிருந்து தட்டுகள் வந்த கதைவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  அவர் கிரெய்கின் தொப்பியை வாங்கி உள்ளே கையை விட்டார். கையை வெளியே எடுத்து, துளி ஈரமும் படாத உள்ளங்கையை எனக்குக் காட்டினார்.

"அளவு தப்பு, துணி சரி. திங்கட்கிழமையிலிருந்து நீ நிரந்தரம், முருகேஷ். வரும்போது மிச்சத் தட்டுகளையும் கொண்டுவா."

ஆகவே, பங்காளிகளே, எனக்கு இந்த நாட்டில் வேலை நிலைத்தது என் அனுபவத்தால் அல்ல, மாமனார் சீராகக் கொடுத்த தட்டு பத்து அங்குலம் அகலம் இருந்ததால்தான் என்று பூங்கொடி ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள், அவரும் அதை அப்படியே நம்பிவிட்டார்.